தேசிக்காயை விடப் பெரிய கட்டி

போன மாதம் காத்தான்குடியிலிருந்து பஸ்லியா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் சிறிய சத்திரசிகிச்சை அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. கெட்டிக்காரத் தாதி. ஆனால் எதையும் நேராகக் கேட்கமாட்டாள். வீட்டில் எல்லாரும் சுகமா, முழங்கால் வருத்தம் எப்படி என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

“மிஸி, நம்மட ரூம் சுவரில ஒரு தேசிக்காய்ப் படம் ஒட்டி வச்சிரிக்கீங்களே, அது என்னத்துக்கு எண்டு புதுச் சேர் கேக்காரு. கழட்டிப்போட்டு அளவுகோல் படம் ஒண்டு மாட்டுவமாம்.”

“கழட்டினா நான் அடுத்த பஸ்ஸில வாறன் எண்டு அவரிட்டச் சொல்லு.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் தாதியாக வேலை செய்த நான் விட்டுவிட்டு வந்த சொத்து அந்த எலுமிச்சங்காய்ப் படம் ஒன்றுதான். அதன் கதையில் பாதியை அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மீதியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் அந்தப் புது டொக்டர் சேரும் வாசிப்பார் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூன்று வருடம் வெள்ளைச் சட்டை, கால் வீக்கம், சிஸ்டர்மாரின் ஏச்சு. எல்லாத் தாதிமாருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது. முதல் நியமனம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அங்கே செவ்வாய்க்கிழமைகளில் “கட்டி நாள்”. கழுத்தில், முதுகில், கையில் கட்டியோடு வருகிறவர்களை வரிசையில் இருத்தி, மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை எடுத்து, தைத்து அனுப்பிவிடுவோம். பெரும்பாலானவை வெறும் கொழுப்புக் கட்டிகள். ஆளுக்கு அரைமணித்தியாலம் போதும்.

அந்த நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எடுத்தது கொழுப்பு என்று டொக்டர் சொன்னால் அது வாளிக்குள் போகும். ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதென்றால் போத்தல் வேண்டும், மருந்துத் தண்ணீர் வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், கிழமைக்கு ஒருமுறை வருகிற வாகனத்துக்குக் காத்திருக்க வேண்டும். “கொழுப்புக்கும் ரிப்போட்டா?” என்று பகிடி பண்ணுவோம். பகிடி பண்ணியவர்களில் நானும் ஒருத்தி.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து மலர் வந்தாள். இருபத்திரண்டு வயது. தொடையின் பின்பக்கம் ஒரு கட்டி. நோவு இல்லை. ஆறு மாதத்தில் கலியாணம். அதற்கு முன் இதை எடுத்துவிட வேண்டும் என்று தாய் கூட்டிவந்திருந்தா. டொக்டர் கத்தியைக் கையில் எடுத்தபோது நான்தான் சொன்னேன், “சேர், கலியாணம் கட்டப்போற பிள்ளை. தோல் மடிப்போட குறுக்காக் கீறுங்க. தழும்பு தெரியாது.” அவரும் நல்ல யோசனை என்று குறுக்காகவே கீறினார். கட்டி முழுசாக வரவில்லை, துண்டு துண்டாக வந்தது. பார்க்கக் கொழுப்பு மாதிரித்தான் இருந்தது. வாளிக்குள் போட்டேன். தாய் எனக்கு ஒரு பை முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனா.

நாலு மாதத்தில் கட்டி திரும்பி வந்தது. முன்னதைவிடப் பெரிதாக. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே சொன்னார்கள், இது மென்னிழையச் சார்க்கோமா. தசை, கொழுப்பு, நரம்பு மாதிரியான மெல்லிய இழையங்களில் வருகிற புற்றுநோய். அரைகுறையாக எடுத்ததில் அதன் விதை காயம் முழுக்கச் சிந்திவிட்டது. கீறல் நெடுக்காக இருந்திருந்தால் அந்தக் கீறலையும் சேர்த்து ஒரு கீற்றாக வெட்டி எடுத்துக் காலை வைத்திருக்கலாம். குறுக்காகக் கீறியதால் தொடையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை பரவிவிட்டது. காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் நோய் நெஞ்சுக்குப் போய்விட்டது. மலர் இறந்துபோனாள். கலியாணம் நடக்கவில்லை.

என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தழும்பு தெரியக்கூடாது என்று நினைத்தேனே தவிர, அந்தக் கட்டி என்ன என்று நினைக்கவில்லை.

பிறகு மாற்றலாகி, இப்போது பஸ்லியா இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அங்கேதான் பிரான்சிஸ் சேரைக் கண்டேன். சத்திரசிகிச்சை நிபுணர். டவுனில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பம், தகப்பனுக்குத் தச்சுவேலை. சேர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சிற்றூழியரையும் “நீங்கள்” என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் மெதுவாகத் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் அறையில் எல்லாருக்கும் வியர்க்கும். யாராவது “சேர், இது இப்படித்தான் இருக்கும்” என்று சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: “கண்டதா, நினைச்சதா?”

ஒருநாள் மலரைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் ஏசவில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று கேள்வி எழுதித் தந்தார். கட்டி ஐந்து சென்டிமீட்டரைவிடப் பெரிதா? ஆழத்தில், தசைக்குள் கிடக்கிறதா? வளர்ந்துகொண்டு வருகிறதா? மூன்றில் ஒன்றுக்கு “ஓம்” என்றாலும் கத்தி தொடக்கூடாது. முதலில் ஸ்கான். அதன்பிறகு ஊசியால் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனை. அதற்குப் பிறகுதான் வெட்டுவது பற்றிய பேச்சு.

ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஒருவருக்கும் மனதில் நிற்காது. தேசிக்காய் என்றால் நிற்கும். இங்கேயும் செவ்வாய்தான் கட்டி நாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் சந்தையில் ஒரு தேசிக்காய் எடுத்துக்கொண்டுபோய்த் தட்டில் வைப்பேன். “என்ன மிஸி, பேய் பிடிச்ச ஆளுக்குத் தேசிக்காய் வெட்டப்போறீங்களா?” என்று இளம் டொக்டர்மார் கேலி செய்வார்கள். “ஓம், உங்களுக்குத்தான்” என்பேன். சந்தையில் தேசிக்காய் கிடைக்காத நாளுக்கென்று அதே அளவில் ஒரு படமும் சுவரில் ஒட்டினேன். வாளியையும் அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். எடுத்த கட்டி எதுவானாலும் போத்தலுக்குள். எனக்கு வாய் நீளம் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி யோகனுக்கு வருகிறேன்.

யோகராசா தேற்றாத்தீவு ஆள். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டர். முப்பத்தெட்டு வயது, ஒல்லி, உயரம், வாய் ஓயாது. வலது தொடையின் முன்பக்கம் வீக்கம். பஸ்ஸில் நாள் முழுக்க ஆசனக் கம்பியில் தொடையை முட்டுக்கொடுத்து நிற்பதால் வந்த நெரிவு என்று அவனே முடிவு கட்டி, மூன்று மாதம் எண்ணெய் போட்டு உருவுவித்திருக்கிறான். உருவ உருவக் கட்டி பெருத்ததுதான் மிச்சம். யாரோ “கொழுப்புக் கட்டி” என்று எழுதிக் கட்டி நாளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

படுக்கவைத்துத் தேசிக்காயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேசிக்காய் ஒரு மூலைக்குக்கூடப் போதாது. “காலை நீட்டி இறுக்குங்க” என்றேன். தோலுக்குக் கீழே கிடக்கிற கட்டி என்றால் அப்போதும் விரலுக்கு வழுக்கும். இது தசையோடு சேர்ந்து கல்லாய் நின்றது.

அன்று பணியிலிருந்தவர் டொக்டர் நிரோஷன். வந்து ஒரு மாதம்தான். நல்ல பிள்ளை, ஆனால் அவசரம். வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள். மரத்துப்போகும் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, “கத்தியைத் தாங்க மிஸி” என்றார்.

“தரமாட்டன் சேர்.”

“என்ன?”

“இது இந்த மேசையில எடுக்கிற கட்டி இல்ல. ஊசியும் குத்தாதீங்க.”

“நீங்க டொக்டரா, நான் டொக்டரா?”

“நீங்கதான் டொக்டர். கத்தி என்ட கையில இரிக்கு.”

அவர் முகம் சிவந்தது. யோகன் படுத்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “சண்டையப் புடிச்சு முடிச்சித்துச் சொல்லுங்க, நான் பஸ்ஸுக்குப் போகணும்” என்றான். நிரோஷன் விறுவிறென்று வெளியே போய்ப் பிரான்சிஸ் சேரைக் கூட்டிவந்துவிட்டார். என்மேல் முறைப்பாடு. சேர் என்னைப் பார்த்தார்.

“மிஸி, கண்டதா, நினைச்சதா?”

“கண்டன் சேர். மூண்டுக்கும் ஓம்.”

சேர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். அரை நிமிடம்கூட இல்லை. நிரோஷனின் தோளில் கை வைத்து, “டொக்டர், மிஸிக்கு நன்றி சொல்லுங்க. இண்டைக்கு உங்களுக்கு ஒரு பெரிய பிழை தப்பிச்சுது” என்றார். நிரோஷன் நன்றி சொன்னார். அப்படிச் சொல்லவும் ஒரு மனம் வேண்டும்.

ஸ்கானில் கட்டி தொடைத்தசைக்குள் கிடந்தது. காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய நாடியை ஒரு பக்கத்தால் தொட்டுக்கொண்டிருந்தது. பரிசோதனைக்குத் துண்டெடுக்கிற நாளில் ஊசி எங்கே குத்த வேண்டும் என்று சேரே வந்து பேனையால் புள்ளி போட்டார். ஊசி போன பாதையிலும் நோய் ஒட்டியிருக்கும், பிறகு வெட்டும்போது அந்தப் பாதையும் கட்டியோடு சேர்ந்து வரவேண்டும், அதனால் கண்ட இடத்தில் குத்த முடியாது. முடிவு வந்தது. சார்க்கோமாதான்.

சேர் யோகனையும் அவன் மனைவி சாந்தியையும் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, கதிரையை இழுத்து அவர்களுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். “பயப்படாதீங்க” என்று சொல்கிற பழக்கம் சேருக்கு இல்லை.

“மூண்டு வழி இரிக்கு. ஒண்டு, இடுப்போட காலை எடுக்கிறது. ரெண்டாவது, கட்டியைச் சுத்திவர நல்ல சதையோட எடுத்து, காயம் ஆறினாப்பிறகு கரண்ட், அதாவது கதிர், பிடிக்கிறது. மூண்டாவது, முதல்ல அஞ்சு கிழமை கரண்ட் பிடிச்சு, ஒரு மாதம் விட்டு, மறுகா வெட்டி எடுக்கிறது. உங்களுக்கு மூண்டாவதுதான் நல்லம் எண்டு நான் நினைக்கன். கட்டி நாடிக்குப் பக்கத்தில கிடக்கு. முதல்ல கதிர் பட்டா அதின்ர வெளி ஓரத்தில உள்ள விதையள் சாகும். ஆனா காயம் ஆறச் சுணங்கும்.”

“மருந்து ஏத்துறது இல்லையா சேர்?” என்று சாந்தி கேட்டாள்.

“நெஞ்சு ஸ்கானில ஒண்டும் இல்ல. இந்த வகைக் கட்டிக்கு அந்த மருந்து இப்ப பெரிசா உதவாது. தேவை வந்தா யோசிப்பம்.”

சாந்தி திடமாகச் சொன்னாள்: “காலை எடுங்க சேர். எனக்கு ஆள் வேணும்.”

“ஒத்தக் காலோட பஸ்ஸில நான் என்ன செய்ற?” என்று யோகன் பாய்ந்தான்.

“வீட்ட இருங்க. நான் சோறு போடுறன்.”

“வீட்ட குந்திக்கிட்டு ரோட்டால போற பஸ்ஸப் பாத்துக்கிட்டு இரிக்கவா? அதுக்குச் சாகலாம் கா.”

சேர் இருவரையும் பேசவிட்டார். ஓய்ந்த பிறகு சொன்னார்: “ஓரம் சுத்தமா வந்தா, அதாவது வெட்டி எடுத்த சதையின்ர விளிம்பில நோய் இல்லாட்டி, காலை எடுத்தாலும் எடுக்காட்டியும் உயிருக்கு ஒரே அளவுதான். ஓரம் சுத்தமா வராட்டி நான் திரும்பி வந்து உங்களிட்டக் காலைக் கேப்பன். அப்ப ஏலா எண்டு சொல்லக்கூடாது. அதுக்கு இப்பவே ஓம் எண்டு சொல்லணும்.”

யோகன் தொடையைத் தடவிக்கொண்டே “ஓம்” என்று தலையை ஆட்டினான். சாந்தி என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்து கேட்டாள்: “மிஸி, உங்கட புருசன் எண்டா என்ன செய்வீங்க?”

எனக்கு மலர் கண்ணில் வந்தாள். ஒருமுறை என் யோசனையைக் கேட்டு ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாளே. என்றாலும் சொன்னேன்: “சேர்ர கையில குடுப்பன், மனே.” சொன்ன பிறகு கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஐந்து கிழமை, சனி ஞாயிறு நீங்கலாக ஒவ்வொரு நாளும் கதிர்ச் சிகிச்சை. கால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிக் கிடக்க வேண்டும் என்று அவன் காலுக்கென்றே ஓர் அச்சு செய்தார்கள். தொடையைச் சுற்றிவர முழுவதும் கதிர் படவிடாமல், ஒரு பக்கத்தில் நெடுக ஒரு கீற்றுத் தோலை விட்டுவைத்தார்கள். அது இல்லாவிட்டால் நீர் வடிய வழியின்றிக் கால் வீங்கிப்போகும். கதிர் படவேண்டிய இடம் காட்டத் தோலில் போட்ட அடையாளத்தைச் சவர்க்காரம் போட்டு அழித்துவிட்டு வந்து யோகன் ஒருநாள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் சேர் கட்டிலுக்கு வந்து, யோகனை நடக்கவைத்து, படுக்கவைத்து, தொடையில் நெடுக்காகக் கோடு கீறினார். பழைய ஊசிப் புள்ளியைச் சுற்றி ஒரு நீள்வட்டம். அடுத்தநாள் காலை தியேட்டரில் கத்தி கொடுத்தது நான். சேருக்கு உதவியாக எதிரே நின்றது நிரோஷன்.

இந்தச் சத்திரசிகிச்சையில் ஒரு விசித்திரம், கட்டியை நாங்கள் கண்ணால் காணக்கூடாது. கண்டுவிட்டால் தோல்வி. பலாச்சுளையைப் பிய்க்காமல் கொட்டையை உள்ளேயே வைத்து எடுக்கிற மாதிரி, சுற்றிவர நல்ல தசை மூடியபடியே அது வெளியே வரவேண்டும். மூன்று பக்கமும் அப்படியே வந்தது. நாலாவது பக்கத்தில் நாடி. அங்கே விட்டுவைக்க ஒரு விரல் அகலச் சதை இல்லை. நாடியை மூடியிருக்கிற மெல்லிய உறை மட்டும்தான் இருந்தது. சேர் அந்த உறையை நாடியிலிருந்து உரித்து, அதைக் கட்டியின் பக்கம் விட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நாடி வெறுமையாக, துடித்துக்கொண்டு கிடந்தது.

இரத்தம் வடிகிற குழாயை எங்கே வெளியே எடுப்பது என்று சேர் நிரோஷனைக் கேட்டார். “காயத்தின்ர நேர்கோட்டில, நுனிக்குப் பக்கத்தில சேர். குழாய் போன பாதையும் திரும்பி வெட்ட வேண்டிவந்தா அதோட வரணும்.” சேர் முகமூடிக்குள் சிரித்தார் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

எடுத்த சதையில் சேர் நூல் போட்டார். குட்டை நூல் மேல்பக்கம், நெட்டை நூல் வெளிப்பக்கம், நாடிப் பக்கத்துக்கு இரட்டை நூல். ஆய்வுகூடத்தில் எந்த ஓரம் எது என்று தெரிய வேண்டுமே. சிற்றூழியரிடம் கொடுக்காமல் நானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். வாளிக்குள் போட்ட கை இது என்று நடைபாதை முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

பதினொரு நாள் காத்திருந்தோம். ரிப்போட் வந்த அன்று சேர் வாட்டுக்குள் வந்து, கட்டிலடியில் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். சாந்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓரம் சுத்தம்” என்றார். “நாடிப் பக்கம் மட்டுமட்டு. ஆனாச் சுத்தம்.” கண்ணாடியை ஏன் கழற்றினார் என்று அப்போதுதான் தெரிந்தது. சேருக்கும் கண் கலங்கியிருந்தது. சாந்தி அவர் காலில் விழப்போனாள். அவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் போனார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சேர் சொன்னபடியே காயம் வாய் திறந்தது. கதிர் பட்ட தோல் பிடிக்கவில்லை. என் பங்கு அங்கேதான் தொடங்கியது. தினமும் காயம் கழுவிக் கட்ட வேண்டும். யோகன் நோவு பொறுக்க ஒரு வழி வைத்திருந்தான். பஸ் மிதிபலகையில் நின்று கல்முனை வரையான ஊர்களைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்துவான்: “கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி!” வாட்டு முழுக்கச் சிரிக்கும். முதல் கிழமை நான் கட்டி முடிக்கிறபோது பஸ் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு மாதத்தில் குருக்கள்மடத்தோடு முடிந்தது. ஏழாவது கிழமை அவன் “கல்லடி” என்று வாய் திறக்கும்போதே முடித்துவிட்டேன். “மிஸி, ஆக்கள ஏத்த விடுறீங்களில்லையே” என்று குறைப்பட்டான்.

முன்தொடைத் தசையில் பாதி போய்விட்டது. படியேறப் பழக நாலு மாதம் எடுத்தது. காலைக் கொஞ்சம் வீசித்தான் நடப்பான். பத்தாவது மாதம் பஸ்ஸில் திரும்ப ஏறினான். வீட்டுக்கு அனுப்பும்போது சேர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கதிர் பட்ட எலும்பு இலேசில் முறியும், ஆகவே ஓடவோ குதிக்கவோ கூடாது. கிளினிக்குக்கு வருகிறபோதெல்லாம் நானும் அதையே ஓதினேன். ஐந்து வருடம் நெஞ்சு ஸ்கானும் கால் ஸ்கானும் மாறி மாறி எடுத்தோம். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

நான் ஓய்வுபெற்று மூன்றாவது மாதம், செட்டிபாளையத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு ஓட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஆரையம்பதியில் முன்னால் ஒரு பஸ் நின்றது. கொண்டக்டர் இறங்கி ஒரு வயதான அம்மாவின் மரக்கறிச் சாக்கைத் தூக்கி வீதியோரம் வைத்துக்கொண்டிருந்தான். யோகன். சாரதி பார்க்காமல் பஸ்ஸை எடுத்துவிட்டான். யோகன் நிமிர்ந்து பார்த்தான், ஒரு கூக்குரல் போட்டான், ஓடத் தொடங்கினான். காலை வீசி வீசி, பக்கவாட்டில் சாய்ந்து, அழகென்று சொல்ல முடியாத ஓட்டம். பஸ் வேகம் எடுக்க அவனும் எடுத்தான். கம்பியை எட்டிப் பிடித்து, ஒரே தாவில் மிதிபலகையில் ஏறி நின்றான். உள்ளேயிருந்த ஆட்கள் கைதட்டினார்கள். நான் ஓட்டோவுக்குள் எழும்பித் தலையை இடித்துக்கொண்டு, “எலும்பு! எலும்பு!” என்று கத்தினேன். ஓட்டோக்காரப் பிள்ளை பயந்து ஓரங்கட்டிவிட்டான்.

கலியாண வீட்டு வாசலில் நின்றே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏசினேன். சேர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, அந்த எலும்பு முறிந்தால் யார் பொருத்துவது, சாந்திக்கு யார் பதில் சொல்வது என்று மூச்சு விடாமல் ஏசினேன். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். நான் களைத்துப்போய் நிறுத்தினேன்.

“ஏசுங்க மிஸி, நல்லா ஏசுங்க” என்றான் யோகன். “ஏசுறத்துக்கு இந்தக் கால் இரிக்குதானே.”